மும்பைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எலிக்காய்ச்சல், நாய்க்கடி, இன்னும் சில நோய்கள் பற்றிய வழிகாட்டி

மும்பைக்கு வேலைக்கு வருகிறவருக்கு ரயில் பாஸ் எடுப்பது, அறைக்கு டெபாசிட் பேசுவது, குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க ஊர்க்காரர் யாராவது இருப்பார். எலியாலும் நாயாலும் வரும் நோய்களைப் பற்றி மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. ஜூன் மாதத்தில் மழை இறங்கிய பிறகோ, தெருமுனையில் நாய் கடித்த பிறகோதான் பேச்சு எழுகிறது. அப்போது ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் பல உண்டு. இந்த நகரத்தில் புதிதாக வந்தவர் முதலில் கவனிக்க வேண்டியவை இரண்டு: தேங்கிய மழைத்தண்ணீர் வழியாக வரும் எலிக்காய்ச்சல், நாய்க்கடி வழியாக வரும் ரேபிஸ். கிருமி உடம்புக்குள் போன நாளுக்கும் நோய் வெளியே தெரியும் நாளுக்கும் நடுவே இரண்டிலும் சில நாட்களோ வாரங்களோ மாதங்களோ இருக்கின்றன. அந்த இடைவெளியில் உடம்பில் ஒன்றும் தெரியாது, வேலைக்குப் போகலாம், சாப்பாடு இறங்கும், தூக்கம் வரும். மருந்து முழுப் பலன் தருவதும் அந்த இடைவெளியில்தான். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஒரு நாள் சம்பளத்தை விடணும்" என்று நினைக்கிற அதே நாளில் போய் மருந்து வாங்கியாக வேண்டும். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் இதை வைத்து வந்தவைதான்.

படி 1: வந்த முதல் வாரத்திலேயே மருத்துவமனையைத் தெரிந்துவையுங்கள்

நோய் வந்த பிறகு விசாரிக்க நேரம் இருக்காது. தாராவி, சயான், மாட்டுங்கா, ஆன்டாப்ஹில் பக்கம் இருப்பவர்களுக்கு சயான் மருத்துவமனை. அதன் முழுப்பெயர் லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை, ஆனால் சயான் ஹாஸ்பிட்டல் என்றால்தான் டாக்சிக்காரருக்குப் புரியும். தாதர், பரேல் பக்கம் கே.இ.எம்.; மும்பை சென்ட்ரல் பக்கம் நாயர்; காட்கோபரில் ராஜாவாடி; கோவண்டி, சீட்டா கேம்ப், மான்கூர்ட் பக்கம் சதாப்தி; ஜுஹு, அந்தேரி பக்கம் கூப்பர். தொற்றுநோய்களுக்கென்றே சிஞ்ச்போக்லி பக்கத்தில் கஸ்தூர்பா மருத்துவமனை இருக்கிறது. இவை எல்லாம் மாநகராட்சி நடத்துபவை. சிறிய விஷயங்களுக்கு 'ஆப்லா தவாகானா' என்ற பலகையோடு பேட்டைக்குப் பேட்டை இலவச மருத்துவ மையங்கள் இருக்கின்றன. பல இடங்களில் இரவு பத்து மணி வரை திறந்திருப்பதால் வேலை முடிந்து வந்தும் போகலாம்.

வெளிநோயாளிப் பிரிவில் முதலில் 'கேஸ் பேப்பர்' எனப்படும் நோயாளிச் சீட்டு எடுக்க வேண்டும். ஆதார் அட்டையின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் பேப்பரைத் தூக்கிப்போடாதீர்கள். அடுத்த முறை போகும்போது பழைய தாளைத்தான் கேட்பார்கள். நாய்க்கடி போல அவசரம் என்றால் நேரம் பார்க்கத் தேவையில்லை, நடு இரவானாலும் கேஷுவால்டி எனப்படும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம்.

மொழி தெரியாததால் தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். மூன்றே வரி இந்தி போதும், செல்போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாய் கடித்தால்: "குத்தே நே காட்டா ஹை." மழைத்தண்ணீரில் நடந்திருந்தால்: "பாரிஷ் கே கந்தே பானி மே சலா தா" (பெண்கள் "சலீ தீ" என்று சொல்ல வேண்டும்). காலில் புண் இருந்தால்: "பாவ் மே ஜக்கம் ஹை." இந்த மூன்றும் மருத்துவர் காதில் விழுந்தால் அவர் யோசிக்கும் திசையே வேறாகும்.

படி 2: மழைத்தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னும் பின்னும்

எலி, பெருச்சாளி இவற்றின் சிறுநீரகத்தில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. எலி அதனால் பெரிதாகச் சீக்காவதில்லை. சிறுநீரில் மட்டும் கிருமியை நாள்தோறும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். நாய், எருமை, மாடு, பன்றியின் சிறுநீரிலும் இது வரும். வறண்ட இடத்தில் இந்தக் கிருமி சீக்கிரம் செத்துவிடும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மும்பையில் நான்கு மாதம் மழை. சாக்கடைக்குள் எலி வளைகள். மழை வலுக்கும்போது, அதிலும் கடலில் ஏற்றம் சேர்ந்துவிட்டால், சாக்கடைத் தண்ணீர் வடிய வழியின்றித் தெருவுக்கு ஏறுகிறது. ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், மிலன் சப்வே, மீட்டி ஆற்றங்கரைக் குர்லா ஆகிய இடங்களில் தண்ணீர் நிற்பது ஆண்டுதோறும் நடப்பது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த பிறகு வந்த வாரங்களில் இந்த நகரம் எலிக்காய்ச்சலில் படுத்தது. மழைக்காலத்தில் மாநகராட்சி மறுபடி மறுபடி எச்சரிக்கை விடுவதற்குப் பின்னால் அந்த அனுபவம் இருக்கிறது.

கிருமி தோலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு வழியாக நுழைகிறது. கண், மூக்கு, வாயின் மெல்லிய சவ்வு வழியாகவும் போகும். வெகுநேரம் தண்ணீரில் ஊறிய தோலும் அதற்கு வழிவிடும். நம் ஆட்களுக்கு இதில் பெரிய வாசல் சேற்றுப்புண்தான். மழைக்காலம் முழுக்க ஈர ஷூவும் ஈரச் செருப்புமாக அலைந்தால் கால் விரலிடுக்கு வெந்து பிளந்துபோகும். பித்தவெடிப்பும் அப்படியே. "வெட்டுக்காயம் எதுவும் இல்லை" என்று சொல்கிறவரின் விரலிடுக்கை விரித்துப் பார்த்தால் புண் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் புண் இருப்பதே தெரியாது. அவர்கள் தினமும் ராத்திரி காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே மழைக்காலத் தயாரிப்பு ஜூனுக்கு முன்பே தொடங்க வேண்டும். சேற்றுப்புண்ணுக்கு மருந்து போட்டு ஆற்றிக்கொள்ளுங்கள். முழங்கால் அளவு கம்பூட் (ரப்பர் பூட்ஸ்) ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். டெலிவரி வேலை, கட்டட வேலை, துப்புரவு வேலை, வண்டி ஓட்டும் வேலை செய்கிறவர்களுக்கு இது சாப்பாட்டுச் செலவு போலத் தவிர்க்க முடியாத செலவு. காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் நின்றிருக்கும் பாதையைத் தவிர்க்க முடிந்தால் அரைமணி நேரம் தாமதமானாலும் சுற்றிப்போங்கள். மூடி திறந்த சாக்கடைக் குழி தண்ணீருக்கடியில் தெரியாது என்பதற்காகவும் அது நல்லது.

நடக்கவே வேண்டி வந்துவிட்டதா? அறைக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்காலுக்கு மேல் வரை நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துக் காயவிடுங்கள். அந்தத் தண்ணீர் பட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள். அதன் பிறகு செய்ய வேண்டியதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: 24 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 72 மணி நேரத்துக்குள், மாநகராட்சி மருத்துவ மையத்துக்குப் போய்த் தண்ணீரில் நடந்ததைச் சொல்லித் தடுப்பு மாத்திரை கேளுங்கள்.

மருத்துவர் உங்களை மூன்று வகையில் ஒன்றில் வைப்பார். காயம் இல்லாமல் ஒரே ஒரு முறை நடந்தவருக்குப் பொதுவாக டாக்சிசைக்ளின் 200 மி.கி. ஒரே வேளை. காலில் காயத்தோடு நடந்தவருக்கு அதே மாத்திரை சில நாட்களுக்குத் தினமும். திரும்பத் திரும்பத் தண்ணீரில் இறங்குபவருக்கு, துப்புரவுப் பணியாளர்கள் போல, வாரம் ஒரு முறை என ஆறு வாரம். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் டாக்சிசைக்ளின் கிடையாது, அசித்ரோமைசின் கொடுப்பார்கள். இந்த வித்தியாசத்துக்காகத்தான் மருத்துவரிடம் போகச் சொல்கிறேன். பக்கத்து அறைக்காரர் வாங்கிவந்த மாத்திரையைப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட பிறகு ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருங்கள். பாலோடு சேர்த்துப் போட வேண்டாம். இந்த மாத்திரை நூற்றுக்கு நூறு காப்பு அல்ல, நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். ஆகவே போட்ட பிறகும் அடுத்த ஒரு மாதத்துக்கு உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

படி 3: காய்ச்சல் வந்துவிட்டால்

தண்ணீரில் நடந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு இரண்டே நாளில், சிலருக்கு ஒரு மாதம் கழித்து. திடீரென்று குளிரோடு கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தாங்க முடியாத வலி, பீளை தள்ளாமலேயே கண் சிவப்பது ஆகியவை எலிக்காய்ச்சலின் முகம். கெண்டைக்காலை அமுக்கினால் துடித்துப்போவார்கள். இந்தக் கட்டத்தில் மருந்து தொடங்கினால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். விட்டுவிட்டால் சிலருக்குக் கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும், மூச்சு வாங்கும், இருமலில் ரத்தம் வரும். சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் ஒருசேரப் பழுதாகும் நிலை அது. அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவுதான்.

சிக்கல் என்னவென்றால் அதே மாதங்களில்தான் மலேரியாவும் டெங்கும் வருகின்றன. மூன்றும் காய்ச்சல், மூன்றும் உடம்புவலி. ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) மூன்றிலும் குறையலாம். தட்டணு குறைந்ததைப் பார்த்ததும் டெங்கு என்று முடிவுகட்டிப் பப்பாளி இலைச் சாறு குடித்துக்கொண்டே நாலைந்து நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். டெங்குவுக்குக் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை, எலிக்காய்ச்சலுக்கு இருக்கிறது. அந்த நாலைந்து நாளில் மருந்து போயிருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்தத் தேதியில் தண்ணீரில் நடந்தீர்கள், காலில் புண் இருந்ததா, அறையில் எலி இருக்கிறதா, வேலை எங்கே. நோயாளி சொல்லாமல் இது எதுவும் அவருக்குத் தெரியாது. பரிசோதனை விஷயத்திலும் ஒரு குறிப்பு: எலிக்காய்ச்சலுக்கான எலிசா சோதனை முதல் சில நாட்களில் எதையும் காட்டாமல் போகலாம், ஏனென்றால் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்க ஐந்தாறு நாளாகும். "லெப்டோ நெகட்டிவ்" என்ற முதல் தாளை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்; மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னால் எடுங்கள்.

மெடிக்கல் கடையில் நின்று உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்வது இந்த ஊரில் மிகச் சாதாரணம். மழைக்காலக் காய்ச்சலில் அது ஆபத்து. டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும், எலிக்காய்ச்சலில் ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். மருத்துவரைப் பார்க்கும்வரை பாரசிட்டமால் மட்டும் போதும். கூட இருப்பவர்கள் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. எலிக்காய்ச்சல் பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

படி 4: அறைக்குள் எலி வராமல் பார்த்துக்கொள்வது

பத்துக்குப் பத்து அறையில் நாலைந்து பேர் தங்கும் இடத்தில் எலியை முழுதாக ஒழிக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குச் சோறும் தண்ணீரும் கிடைக்காமல் செய்ய முடியும். ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டையைச் சுவரோரம் சாய்த்து வைக்காமல் மூடியுள்ள தகர டிரம்மில் கொட்டுங்கள். குடிதண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்முக்கு எப்போதும் மூடி வேண்டும். எலி விளிம்பில் ஏறித் தண்ணீர் குடிக்கும், அங்கேயே சிறுநீரும் கழிக்கும். சாப்பிட்ட தட்டை ராத்திரியே கழுவுங்கள். இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள் மாவுப் பாத்திரத்தைத் துணி போட்டு மூடினால் போதாது, கனமான மூடி வேண்டும். உளுந்தும் அரிசியும் ஊறும் பாத்திரத்துக்கும் அதே. குளிர்பான டின்னை வாய்வைத்துக் குடிக்கும் முன் மேல்பக்கத்தைக் கழுவுங்கள்.

எலிப்புழுக்கையைக் காய்ந்த நிலையில் பெருக்கித் தூசி கிளப்பக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்துச் சற்று நேரம் ஊறவிட்டு, கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் மாட்டிக்கொண்டு துடைத்து எடுங்கள். செத்த எலியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். எலித்தொல்லைக்கும் அடைத்த சாக்கடைக்கும் 1916 என்ற மாநகராட்சி எண்ணில் புகார் செய்யலாம். வார்டு எது என்று கேட்பார்கள்: தாராவி என்றால் ஜி-நார்த், சயான், மாட்டுங்கா என்றால் எஃப்-நார்த், குர்லா என்றால் எல், செம்பூர் என்றால் எம்-வெஸ்ட், சீட்டா கேம்ப், கோவண்டி என்றால் எம்-ஈஸ்ட். ராத்திரி டார்ச்சும் தடியுமாகத் தெருத்தெருவாக எலி பிடிக்கும் தொழிலாளர்களை மாநகராட்சி வேலைக்கு வைத்திருக்கிறது. நாம் தூங்கும்போது நமக்காக அந்தச் சாக்கடையோரம் நிற்கிறவர்கள் அவர்கள். பார்த்தால் வழிவிட்டு மரியாதையாக ஒரு வார்த்தை பேசுங்கள்.

இந்த நகரத்துக்கும் எலிக்கும் இருக்கிற கணக்கு பழையது. 1896-இல் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் தொடங்கியது. எலித்தெள்ளு வழியாகப் பரவிய அந்த நோயில் மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள். ஹாஃப்கின் என்ற அறிவியலாளர் இங்கேயே தடுப்பூசியைத் தயாரித்து 1897 ஜனவரியில் முதலில் தன் உடம்பில் போட்டுப் பார்த்தார். பரேலில் இருக்கும் ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரில் நிற்கிறது. நெருக்கடியான குடியிருப்புகள்தான் நோயைப் பெருக்குகின்றன என்று கண்டு 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா பக்கம் அகலத் தெருக்களும் காற்றோட்டமான மனைகளுமாக அந்த டிரஸ்ட் வகுத்த புறநகரில்தான் பின்னால் நம் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். மாட்டுங்காவில் மரநிழலில் நடக்கும்போது இது என் நினைவுக்கு வரும். காற்றும் இடமும் கிடைத்தால் நோய் குறையும் என்பது அன்றே தெரிந்த செய்தி. இன்றும் தாராவியின் சந்துகளுக்கு அது கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

படி 5: நாய் கடித்தால், பிறாண்டினால்

ரேபிஸ் நோயின் அறிகுறி ஒருமுறை தொடங்கிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. கடித்த உடனே முறையாக ஊசி போட்டால் ஏறக்குறைய யாரும் சாவதில்லை. இவ்வளவு தெளிவாகக் கோடு போட்ட நோய் வேறு இல்லை. கடிக்கும் அறிகுறிக்கும் நடுவே வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முகம், தலை, கை விரல் போன்ற இடங்களில் கடித்திருந்தால் அது சுருங்கும். குழந்தைகளுக்கு முகத்தில் கடிபடுவது அதிகம்.

முதல் வேலை குழாயைத் திறப்பது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் நீண்ட நேரமாகத் தோன்றும், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வராத நேரம் என்றால் டிரம்மிலிருந்து சொம்பு சொம்பாக ஊற்றுங்கள். நாயின் எச்சிலில் உள்ள வைரஸ் காயத்தில் இருக்கும்போதே பெரும்பங்கு அடித்துச் செல்லப்படுகிறது. பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் தடவலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள், எண்ணெய் எதையும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டுப்போடவும் வேண்டாம். தையல் போடலாமா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார், கூடுமானவரை தள்ளிப்போடுவார்கள்.

அடுத்து அன்றே மருத்துவமனை. தோலில் காயமே இல்லாமல் நாய் நக்கியிருந்தால் கழுவினால் போதும். ரத்தம் வராத பிறாண்டல், பல் லேசாகப் பட்ட கீறல் என்றாலும் தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்த கடி, புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது என்றால் தடுப்பூசியோடு 'சீரம்' எனப்படும் இம்யூனோகுளோபுலினும் கட்டாயம். சீரத்தைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் போட வேண்டும், வலிக்கத்தான் செய்யும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பைக் கட்டியெழுப்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்திலேயே வைரஸை மடக்கி வைப்பது சீரம். அந்த மருத்துவமனையில் இல்லை என்றால் "சீரம் கஹா மிலேகா" (சீரம் எங்கே கிடைக்கும்) என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த மருத்துவமனைக்குப் போங்கள். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் சீரம் போட்டாக வேண்டும். முதல் நாளிலேயே போட்டால் மிக நல்லது.

இதில் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. நாய் கடித்த பையனிடம் கடை அண்ணாச்சி சொல்வார்: "தம்பி, பக்கத்து டாக்டர்ட்ட ஒரு டிடி போட்டாச்சுல்லா, அது போதும்." பாசத்தில் சொல்கிறார், ஆனால் தவறு. டிடி என்பது வில்வாத நோய்க்கான (டெட்டனஸ்) ஊசி, ரேபிஸைத் தடுக்காது. இரண்டும் தனித்தனி. கேஸ் பேப்பரில் 'ரேபிஸ் தடுப்பூசி' என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், படிக்க முடியாவிட்டால் கேளுங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடும் காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில் இரண்டு மேற்கைகளிலும் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள். தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போடும் நாள்தான் 0. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் கிடையாது, மீன் கறி சாப்பிடலாம். ஒரு நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, உடனே போய் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முன்பு ஒருமுறை முழுதாகப் போட்டவருக்கு மறுபடி கடித்தால் இரண்டு ஊசி போதும், சீரம் தேவையில்லை. அதற்குத்தான் பழைய அட்டையைப் பத்திரப்படுத்தச் சொல்வது.

கடித்த நாயைப் பத்து நாள் கவனியுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு சொல்வார். பூனைக்கும் இதே கணக்கு. குரங்கு கடித்தால் இந்தப் பத்து நாள் கணக்கு செல்லாது, முழுதும் போட வேண்டும். வீட்டு எலி கடித்தால் பொதுவாக ரேபிஸ் ஊசி தேவைப்படாது, ஆனால் காயத்தைக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். டிடியும் வேறு மருந்தும் தேவைப்படலாம்.

தெருநாயின் ஒரு காது நுனி வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை செய்யப்பட்ட நாய். அப்போது ரேபிஸ் ஊசியும் போட்டிருப்பார்கள். ஆனால் அது எந்த வருடம், மறுபடி போட்டார்களா என்று காது சொல்லாது; கடித்தால் நீங்கள் ஊசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். நாய்களை அடித்து விரட்டுவதால் கடி கூடுமே தவிரக் குறையாது. குட்டி போட்ட நாய், சாப்பிடும் நாய், தூங்கும் நாய் பக்கம் போகாதீர்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது நாய்கள் சூழ்ந்தால் ஓடாமல் நின்று, கண்ணுக்குக் கண் முறைக்காமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். பைக்கில் துரத்தினால் வேகத்தைக் குறையுங்கள். நாய் வளர்க்க ஆசைப்பட்டால் குட்டிக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு வருடாவருடம். எலிக்காய்ச்சலுக்கும் நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு. பரேலில் பைல் கோடா ஹாஸ்பிட்டல் என்று மக்கள் சொல்லும் பழைய கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நாய் கடித்ததை அவர்கள் பயந்து மறைப்பார்கள், அடி விழும் என்றோ ஊசி போடுவார்கள் என்றோ. "நாய் தொட்டா, பிறாண்டினா உடனே அம்மாட்ட சொல்லணும், திட்ட மாட்டேன்" என்று முன்கூட்டியே பல தடவை சொல்லி வையுங்கள். சொன்ன நாளில் நிஜமாகவே திட்டாதீர்கள்.

படி 6: பால், கறி, புறா

தபேலா எனப்படும் எருமைக் கொட்டில்களிலிருந்து கறந்த பால் வாங்குகிறவர்கள் பொங்க விட்டுக் காய்ச்சிய பிறகே குடிக்க வேண்டும். காய்ச்சாத பாலில் புருசெல்லா என்ற பாக்டீரியாவும் மாட்டுக் காசநோய்க் கிருமியும் இருக்கலாம். புருசெல்லா வந்தால் வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி என்று இழுக்கும். தபேலாவிலேயே வேலை செய்கிறவர்கள் கன்று ஈனும்போதும் கருச்சிதைந்த கன்றை எடுக்கும்போதும் கையுறை போட வேண்டும்.

கோழி, ஆட்டுக்கறி வெட்டிய பலகையையும் கத்தியையும் சோப்பால் கழுவாமல் அதிலேயே வெங்காயம் நறுக்காதீர்கள். நன்றாக வெந்த கறியில் பறவைக் காய்ச்சல் கிருமி உயிர் வாழாது. கச்சாத் தோல், ரோமம் கையாளும் பட்டறைகளில் அரிதாக ஆந்த்ராக்ஸ் வரலாம்: வலியே இல்லாத கொப்புளம், நடுவில் கறுப்புப் பொருக்கு. அப்படி ஒன்றைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் தோல் வேலை என்று சொல்லிக் காட்டுங்கள். பதனிட்ட தோலில் பை தைக்கிறவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம்.

ஜன்னல் கம்பி, ஏ.சி. பெட்டி மேலெல்லாம் புறா கூடு கட்டும். எச்சத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் உண்டு. நாள்பட அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரலில் ஒவ்வாமை வீக்கமும் வரலாம். காய்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள்; தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு அகற்றி, பிறகு வலை கட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். பால்கனியில் தானியம் போடும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பக்குவமாகப் பேசுங்கள், அது அவர்களுக்குப் புண்ணியக் காரியம்.

படி 7: நடுவில் ஊருக்குப் போக நேர்ந்தால்

கோயில் கொடைக்கோ, வீட்டு விசேஷத்துக்கோ நாகர்கோவில் வண்டி ஏறும்போது நாய்க்கடி ஊசியின் அட்டையைப் பையில் வையுங்கள். மீதி ஊசிகளை ஊர் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தொடரலாம். எந்த முறையில், எந்தத் தேதியில் போட்டது என்பது அட்டையைப் பார்த்தால்தான் அவர்களுக்குத் தெரியும். ஊரில் வெயில் காய்கிற மாதத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அங்குள்ள மருத்துவருக்கு எலிக்காய்ச்சல் எளிதில் நினைவுக்கு வராது. "நான் பம்பாயில் இருந்து வந்திருக்கேன், போன வாரம் முழங்கால் தண்ணீரில் நடந்தேன்" என்று கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள், தேதியையும் சேர்த்து.